பவர் பட்டனைத் தொடாதீர்கள்

எனக்குச் சட்டென்று கோபம் வரும். வீட்டிலும் சொல்வார்கள், கடையிலும் சொல்வார்கள், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுக் குழுவிலும் சொல்வார்கள். ஆனால் கம்ப்யூட்டர் நின்றுபோன மறுநொடியே பவர் பட்டனில் விரலை வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருகிற கோபம் தனி ரகம். மயங்கி விழுந்த ஆளைத் தண்ணீர் தெளித்து எழுப்பிப் பார்க்காமல் நேராகச் சுடுகாட்டுக்கு வண்டி பிடிக்கிற வேலை அது.

மேற்கு தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டு மேல் இருக்கிற ஒரு ஜெராக்ஸ் கடையில் எனக்கு வேலை. ஜெராக்ஸ், ஸ்கேன், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம், தமிழ் டைப்பிங் என்று போர்டில் வரிசையாக எழுதியிருக்கும். கடைசியில் இருக்கிற அந்தத் தமிழ் டைப்பிங்தான் நான். கடைக்காரரை அண்ணா என்று கூப்பிடுவேன். தங்கமான மனிதர். ஆனால் எந்தப் பொருள் மக்கர் பண்ணினாலும் அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவார். ஃபேனுக்கும் அதே, ஜெராக்ஸ் மெஷினுக்கும் அதே, மாடியில் இருக்கிற மோட்டாருக்கும் அதே.

நான் கீபோர்டை நம்ப ஆரம்பித்ததற்குக் காரணமும் அண்ணாதான். ஒரு முறை என் மவுஸ் செத்துப்போனது. "நாளைக்கு வாங்கிடலாம்மா" என்றார். அந்த நாளை வருவதற்கு ஒன்றரை மாதம் ஆனது. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், வீம்புக்கு எல்லாவற்றையும் கீபோர்டிலேயே செய்யப் பழகினேன். எந்தெந்த விசையைச் சேர்த்து அழுத்தினால் என்ன நடக்கும் என்று ஒரு பழைய டைரியில் எழுதி வைத்துக்கொண்டேன். புது மவுஸ் வந்தபோது அது எனக்குத் தேவைப்படவே இல்லை. அண்ணாவுக்கு அதில் கொஞ்சம் பெருமை. எனக்குக் கொஞ்சம் திமிர்.

நான் சொல்ல வந்தது ஒரு ஆயுத பூஜைக்கு அடுத்து நடந்தது.

எங்கள் கடையில் ஆயுத பூஜை தடபுடலாக நடக்கும். வாசலில் வாழைக்கன்று, மெஷின்களுக்கெல்லாம் பூ, பொரி, சுண்டல். நான் கிறிஸ்தவப் பெண் என்று யாரும் என்னை ஒதுக்கி வைத்ததில்லை, நானும் ஒதுங்கி நின்றதில்லை. அந்த வருடம் அண்ணாவின் மனைவிக்கு உடம்பு முடியவில்லை. "மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் நீயே வச்சிடும்மா" என்று அண்ணா சொல்லிவிட்டார். நான் வீட்டில் சந்தனம் குழைத்த ஆளா? பொடியைக் கிண்ணத்தில் கொட்டினேன். போன வருடம் காய்ந்து பொடிப்பொடியாக உதிர்ந்தது ஞாபகம் வர, பன்னீரைத் தாராளமாக ஊற்றினேன். அது தோசை மாவு பதத்துக்கு வந்துவிட்டது. மானிட்டருக்கு ஒரு பொட்டு, பிரிண்டருக்கு ஒரு பொட்டு, என் கீபோர்டுக்கு இடது பக்கக் கீழ் மூலையில் ஒரு பெரிய பொட்டு. எனக்குச் சோறு போடுகிற சாமான் என்று அதற்கு மட்டும் கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன். கற்பூரம் காட்டிவிட்டு, இரண்டு நாள் கடையைப் பூட்டினோம்.

மூன்றாம் நாள் மதியம் ஒரு அக்கா வந்தார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். கையில் ஒரு மஞ்சள் பை. என் மேஜைக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, பேச ஆரம்பிக்கும் முன்பே மூச்சு வாங்கினார்.

மேடவாக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்துக்கு வெளிச்சுவரில் பெயிண்ட் அடிக்கும்போது கயிறு அறுந்து அவருடைய கணவர் விழுந்து இறந்திருக்கிறார். இந்த அக்காவும் அதே இடத்தில் சித்தாள். கீழே நின்று பார்த்தவர். கணவர் குடித்துவிட்டு மேலே ஏறினார், அதனால்தான் விழுந்தார் என்று கண்ட்ராக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். மறுநாள் விசாரணை. என்ன நடந்தது என்று இவர் சொல்வதை அப்படியே தமிழில் டைப் அடித்து, கையெழுத்துப் போட்டு எடுத்து வரும்படி வக்கீல் சொல்லி அனுப்பியிருந்தார்.

"போலீஸ்ல கேட்டாங்க. பாதி சொல்றதுக்குள்ள எழுந்து ஓடி வந்துட்டேன்" என்றார். "எம் பொண்ணு கேட்டுச்சி. அதுக்கும் சொல்லல. இன்னிக்கி ஒரு தபா சொல்லிடறேம்மா. திருப்பி என்னைக் கேக்காத. என்னால முடியாது."

"ஒரு தடவை போதும்க்கா. நீங்க சொல்லச் சொல்ல நான் அடிச்சிடுவேன்."

"இன்னொண்ணு. மெஷின்ல வச்சிக்காத. கண்ட்ராக்டர் ஆளுங்க இந்தப் பக்கந்தான் சுத்திகினு கீறாங்க. பேப்பர மட்டும் குடு, போதும்."

எங்கள் கடைக்கு மனு, புகார், விவாகரத்துக் காகிதம் என்று கொண்டுவருகிற எல்லோரும் இதைச் சொல்வார்கள். சேவ் பண்ணினால் கடை அதைத் தன்னிடம் வைத்துக்கொண்டது என்று அவர்களுக்கு அர்த்தம். அந்தக் கம்ப்யூட்டரில் வருகிறவர் போகிறவர் எல்லாம் உட்காருவதால் அவர்கள் பயத்திலும் நியாயம் இருந்தது. அதனால் இப்படிப்பட்ட காகிதங்களை நான் சேவ் பண்ணாமலே அடித்து, பிரிண்ட் எடுத்து, அவர்கள் கண்ணெதிரே மூடிவிடுவேன். இத்தனை வருடத்தில் ஒன்றுகூட என் கையை விட்டுப் போனதில்லை. அந்தத் தைரியத்தில் "வச்சிக்க மாட்டேன்க்கா" என்று வாக்குக் கொடுத்தேன்.

நான் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் பண்ணினவள். அடிக்கும்போது கீபோர்டையும் பார்க்க மாட்டேன், திரையையும் பார்க்க மாட்டேன், சொல்கிறவர் முகத்தைப் பார்த்தே அடிப்பேன். அதில் எனக்கு ஒரு பெருமை. அன்றைக்கு அந்தப் பெருமை வேண்டாமே என்று இருந்திருக்கலாம்.

நடுவில் முடிச்சூர்க்காரர் ஒருவர் வந்தார். ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலத்தை மனை போட்டு விற்கிற குடும்பம். கட்டுக் கட்டாக மூலப்பத்திரம் கொண்டுவந்திருந்தார். ஸ்கேனர் என் கம்ப்யூட்டரோடுதான் இணைந்திருந்தது. பக்கங்களை மெஷினுக்குள் அடுக்கி, பின்னால் அதுபாட்டுக்கு ஓடட்டும் என்று விட்டுவிட்டு, அண்ணா அவரோடு பேசப் போய்விட்டார். நான் அக்கா பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவர் சொன்னார். கல்யாணமானதிலிருந்து ஆரம்பித்து, அந்தக் காலை வரைக்கும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் சொன்னார். கட்டடத்துக்கு வந்ததும் கணவர் கயிற்றைப் பார்த்துவிட்டு மேஸ்திரியிடம் நைந்துபோயிருக்கிறது என்று சொன்னதையும், புதுக் கயிறு வரவில்லை, இன்றைக்கு ஒரு நாள் ஓட்டு என்று மேஸ்திரி சொன்னதையும் சொன்னார். பிறகு அந்தக் கடைசிப் பகுதி. அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, ரோட்டில் போகிற தண்ணீர் லாரியைப் பார்த்துச் சொன்னார். முடித்ததும் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு பிரிண்ட் கொடுக்கலாம் என்று திரையைப் பார்த்தேன்.

கர்சர் ஒரு வரியின் நடுவில் நின்றிருந்தது. "அன்று காலை கட்டடத்துக்கு வந்ததும்" என்ற இடத்தோடு எழுத்து முடிந்திருந்தது. அதற்குப் பிறகு நான் அடித்த எதுவும் அங்கே இல்லை. திரை எப்போதோ உறைந்துபோயிருக்கிறது. நான் அது தெரியாமல் கடகடவென்று அடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

கடைசிப் பகுதி போனது ஒரு பக்கம். மீதி ஒன்றரை மணி நேரமும் சேவ் ஆகாமல், இந்த நிமிடம் வரைக்கும் மெஷினின் நினைவில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. யாராவது கரண்டை நிறுத்தினால் அந்த அக்கா சொன்னது முழுவதும் இல்லை என்றாகிவிடும். அவரால் இன்னொரு முறை சொல்ல முடியாது என்பதை அவர் வாயாலேயே கேட்டிருக்கிறேன்.

இரண்டு கையையும் மேஜையிலிருந்து எடுத்துவிட்டேன். என் டைரியில் முதல் வரியே அதுதான். நின்றுபோன மெஷினைக் கண்டபடி தட்டினால், தட்டிய ஒவ்வொன்றும் அதன் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். நூறு எண்ணினேன். அசையவில்லை. அடுத்து கேப்ஸ் லாக்கை ஒரே ஒரு முறை அழுத்தினேன். ஓரத்தில் இருக்கிற சின்ன விளக்கு, கொஞ்சம் யோசித்துவிட்டு, எரிந்தது. மறுபடி அழுத்தினேன், அணைந்தது. அந்த விளக்கு சொன்னபடி கேட்கிறது என்றால் உள்ளே உயிர் இருக்கிறது. சாகவில்லை, மூச்சுத் திணறுகிறது, அவ்வளவுதான்.

அதற்குள் ஸ்கேனர் நின்றுபோனதைப் பார்த்துவிட்டு முடிச்சூர்க்காரர் எழுந்து வந்தார்.

"இன்னாம்மா, ஹேங் ஆயிடுச்சா? ஒரு தபா ஆஃப் பண்ணி ஆன் பண்ணு, சரியாப் பூடும்."

"வேணாம் சார். கொஞ்சம் இருங்க."

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். எந்த நிரல் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று காட்டுகிற டாஸ்க் மேனேஜர் அதில் திறக்க வேண்டும். ஒன்றும் நடக்கவில்லை. கண்ட்ரோல், ஆல்ட், டெலிட் அழுத்தினேன். எப்பேர்ப்பட்ட நெரிசலிலும் மெஷின் அந்த மூன்றுக்கு மட்டும் காது கொடுக்கும். அதற்கும் ஒன்றும் இல்லை. இன்னொரு முறை. ம்ஹூம்.

"விடும்மா, நான் பாத்துக்கறேன்" என்று அண்ணா குனிந்து மேஜைக்கடியில் கையை நீட்டினார். பவர் பட்டனுக்கும் அவர் விரலுக்கும் நடுவில் என் முழங்காலை வைத்தேன். முதலாளியின் கையை முழங்காலால் தள்ளிவிட்டது அதுதான் முதல் தடவை.

"அண்ணா, தொட்டீங்கன்னா நான் நாளையிலிருந்து வர மாட்டேன்."

"என்னம்மா இது பேச்சு? அதான் எதுக்கும் அசையலையே!"

"விளக்கு எரியுது. உயிர் இருக்கு."

அக்கா முந்தானையை விலக்கி எங்களைப் பார்த்தார். "இன்னா ஆச்சு?" என்றார். நான் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். வாயைத் திறந்திருந்தால் அழுதிருப்பேன்.

கோபம் வந்தால் எனக்கு மூளை வேலை செய்யும், அது ஒரு நல்ல குணம். கேப்ஸ் லாக் கேட்கிறது, அப்புறம் கண்ட்ரோல் மட்டும் ஏன் கேட்கவில்லை? சோதிக்க ஆல்ட்டோடு டேபை அழுத்தினேன். திறந்திருக்கிற ஜன்னல்களின் வரிசை ஆமை மாதிரி மெல்ல மெல்லத் திரையில் வந்தது. ஆல்ட் வேலை செய்கிறது. அப்படியானால் பழுது மெஷினில் இல்லை. முதல் முறையாகக் குனிந்து என் கீபோர்டைப் பார்த்தேன். இடது பக்கக் கீழ் மூலையில் இருந்த கண்ட்ரோல் விசையை அழுத்திப் பார்த்தேன், இறங்கவே இல்லை. சுற்றிலும் மஞ்சள் கோடு. நான் பன்னீர் ஊற்றிக் குழைத்த சந்தனம் இடுக்கு வழியாக உள்ளே இறங்கி, இரண்டு நாள் பூட்டிய கடையில் நிம்மதியாகக் காய்ந்து, விசையைச் சிமெண்டு போட்ட மாதிரி பிடித்துக்கொண்டிருந்தது. காலையிலிருந்து எனக்கு அது தெரியவும் இல்லை. சேவ் பண்ணியிருந்தால்தானே கண்ட்ரோலைத் தொட்டிருப்பேன்.

என்னையே நாலு அறை அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. அதற்கு நேரமில்லை. கீபோர்டில் வலது பக்கமும் ஒரு கண்ட்ரோல் இருக்கிறது. இத்தனை வருடத்தில் அதை நான் தொட்டதாக ஞாபகமே இல்லை. அதை வலது கை விரலால் அழுத்தி, ஆல்ட்டையும் டெலிட்டையும் சேர்த்துப் பிடித்தேன்.

திரை கறுத்தது. பிறகு முழுக்க நீலமானது.

"போச்சு! நீலம் வந்துடுச்சு!" என்று அண்ணா தலையில் கை வைத்தார்.

"மெஷின் செத்தா வர்ற நீலம் இல்லண்ணா, இது வேற. சும்மா இருங்க."

நீலத்தின் நடுவில் நாலைந்து வரிகள் வந்தன. மவுஸும் உறைந்துதான் கிடந்தது. அம்பு விசையால் ஒவ்வொரு வரியாக இறங்கினேன். அதில் ஒரு வரி, இருப்பதையெல்லாம் மூடிவிட்டு வெளியேறச் சொல்வது. அதன் மேல் நின்று கைதவறி என்டரைத் தட்டினால் பவர் பட்டன் செய்கிற அதே வேலையை நானே செய்தவளாவேன். அதைத் தாண்டி, டாஸ்க் மேனேஜரில் நின்று, ஒரு முறை வாய்விட்டுப் படித்து உறுதி பண்ணிக்கொண்டு, என்டர் தட்டினேன்.

பட்டியல் வந்தது. நான் அடித்த காகிதமும் பதில் சொல்லவில்லை, ஸ்கேனும் பதில் சொல்லவில்லை என்று இரண்டுக்கும் எதிரே போட்டிருந்தது. ஆனால் மெஷினின் நினைவு முழுவதையும் ஸ்கேன்தான் வாரிச் சுருட்டி வைத்திருந்தது. அத்தனை மூலப்பத்திரத்தையும் விழுங்கிவிட்டுச் செரிக்காமல் கிடந்தது. அம்பு விசையால் அந்த வரிக்குப் போனேன்.

"சார், உங்க ஸ்கேனை நிறுத்தறேன். பத்திரத்துக்கு ஒண்ணும் ஆகாது. திரும்ப முதல்லேருந்து ஸ்கேன் பண்ணித் தரேன்."

"அய்ய, இவ்ளோ நேரம் போட்டதெல்லாம் பேஜார் ஆயிடுமே! அந்த லெட்டர நிறுத்திக்கினு என்னுத வுடும்மா. லெட்டர் திருப்பி அடிச்சிக்கலாமே?"

"உங்களுக்குத் திருப்பி வைக்கக் காகிதம் இருக்கு சார். அந்த அக்காவுக்கு இல்ல."

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவர் அக்காவைப் பார்த்தார், அவர் மடியில் இருந்த மஞ்சள் பையைப் பார்த்தார், போய் உட்கார்ந்தார். நான் டெலிட்டை அழுத்தினேன்.

ஸ்கேன் வரி மறைந்தது. வேறொன்றும் நடக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. பிறகு கம்ப்யூட்டருக்குள்ளிருந்த ஃபேன் சத்தம் குறைந்தது. காகிதத்துக்கு எதிரே இருந்த அந்த வார்த்தைகள் காணாமல் போயின. ஆல்ட்டும் டேபும் அழுத்தி உள்ளே போனேன். கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, இப்போதைக்கு மட்டும் சேவ் பண்றேன். பேப்பர் கொடுத்ததும் உங்க எதிர்லயே அழிச்சிடறேன். சரியா?"

அவருக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் என் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினார். வலது கண்ட்ரோலும் எஸ்ஸும். ஒரு பெயர் கொடுத்தேன். சேவ் ஆகிவிட்டது. அண்ணா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, "யம்மா" என்றார்.

எனக்கு அந்த நிம்மதி வரவில்லை. "கட்டடத்துக்கு வந்ததும்" என்ற இடத்துக்குப் பிறகு காகிதம் வெறுமையாகத்தான் இருந்தது. உறைந்த பிறகு நான் அடித்த எதையும் மெஷின் வாங்கிக்கொள்ளவே இல்லை. விசாரணைக்குத் தேவையானதே அந்தப் பகுதிதான்.

அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். சந்தனம் வைத்தது நான் என்பதையும், திரையைப் பார்க்காமல் அடித்தது நான் என்பதையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"போதும்மா. இருக்கறத குடு. நான் கெளம்பறேன்."

"நீங்க சொல்ல வேணாம்க்கா" என்றேன். "எனக்கு ஞாபகம் இருக்கு. நான் சொல்லிக்கிட்டே அடிக்கிறேன். தப்பா இருந்தா மட்டும் கையைக் காட்டுங்க. சரியா இருந்தா ஒண்ணும் பேச வேணாம்."

அவர் பையைத் திரும்ப மடியில் வைத்தார்.

நான் இந்த முறை திரையை மட்டுமே பார்த்தேன். அவர் சொன்ன வரிசையில், அவர் சொன்ன வார்த்தைகளில், வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தேன். என் புருஷன் கயிற்றைக் கையால் நீவிப் பார்த்தார். நைந்துபோயிருக்கிறது என்று மேஸ்திரியிடம் சொன்னார். புதுக் கயிறு இன்னும் வரவில்லை, இன்றைக்கு ஒரு நாள் ஓட்டு என்று மேஸ்திரி சொன்னார். என் புருஷன் ஏறினார். அவர் அன்று குடித்திருக்கவில்லை. நான் கீழே கலவை போட்டுக்கொண்டிருந்தேன். அவர் என் பெயரைச் சொல்லித் தள்ளிப் போ என்று கத்தினார். நான் தள்ளிப் போனேன். அடுத்த நொடி அவர் நான் நின்ற இடத்தில் கிடந்தார்.

என் குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. அப்போதும் விரலை நிறுத்தவில்லை. அவர் ஒரு முறைகூடக் கையைக் காட்டவில்லை. முடித்துவிட்டு, சேவ் பண்ணிவிட்டுத் திரும்பினேன்.

அக்கா என் தோளில் கை வைத்தார்.

"அந்தப் புதுக் கயிறு வரலன்னு மேஸ்திரி சொன்னாருன்னு அடிச்ச இல்ல?"

"ஆமாக்கா. நீங்க அப்படித்தானே சொன்னீங்க?"

"அவரு அப்டி சொன்னது நெசந்தான். ஆனா கயிறு வந்திருந்திச்சி. மூணு நாளா சிமெண்டு ரூம்ல சாக்கு கட்டோட கெடந்துது. இத நான் யாருகிட்டயும் சொல்லல. எம் புருஷன்கிட்டயும் சொல்லல. அப்ப எனக்குத் தோணவே இல்லம்மா."

"உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

அவர் என்னைப் பார்த்தே சொன்னார்.

"மத்தியானம் சாப்ட்டுட்டு அது மேலதான் தல வச்சிப் படுப்பேன். மூணு நாளும். போடும்மா. கயிறு இருந்திச்சின்னு போடு. நான் தல வச்சிப் படுத்ததையும் சேத்துப் போடு."